தலைமை கற்ற கணித ஆசிரியர்



பணியிடத்தில் நல்ல தலைவராவது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறார்கள். இப்பொருளை எடுத்துக்கொள்கிறவர்கள் வழக்கமாகப் படை நடத்திய தளபதிகளையும் நாடாண்ட மன்னர்களையும் துணைக்கு அழைப்பார்கள். ஆனால் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, பத்துப் பேரையோ நூறு பேரையோ வைத்து வேலை வாங்கவேண்டிய நம்மைப் போன்றவர்களுக்கு, குதிரையேறிய அந்த மகாபுருஷர்களால் அதிகப் பிரயோஜனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகையால் 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்து, பின்பு மனம் ஒட்டாத ஒரு நாற்காலியில் வந்தமர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களைப் பற்றிப் பேச உத்தேசித்திருக்கிறேன்.

1924ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் நூலகராக நியமித்தது. மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் மாணவர் கூட்டத்தின் நடுவே கரும்பலகையும் விவாதமுமாக வாழ்ந்தவருக்கு, ஆளரவமற்ற நூலகக் கூடமும் அதன் நிசப்தமும் சில நாட்களிலேயே தாங்க முடியாதவையாகிவிட்டன. பழைய வேலைக்கே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். முதலில் இங்கிலாந்து சென்று அந்தத் தொழிலைக் கற்று வாருங்கள், அதன் பிறகும் சலிப்பாகவே இருந்தால் பார்த்துக்கொள்வோம் என்று முதல்வர் அனுப்பிவைத்தார்.

இந்த இடத்தில் சற்றே நிற்க விரும்புகிறேன். நம் ஸ்தாபனங்களில் கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரராயிருந்தவரைக் கணக்குப் பிரிவுக்குத் தலைவராக்குகிறோம்; இயந்திரத்தின் நாடி பிடித்துப் பார்க்கத் தெரிந்தவரை, மனிதர்களின் நாடி பிடிக்கும் உத்தியோகத்தில் உட்கார வைக்கிறோம். தேர்ந்த வேலை ஒன்று, ஏற்ற வேலை வேறொன்று என்பதை உள்ளூர உணர்ந்தும், அதை ஒப்புக்கொண்டால் சிப்பந்திகளிடம் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று அஞ்சி, தெரியாததையெல்லாம் குரலை உயர்த்தி மறைக்கப் பார்ப்பவர்கள் நம்மிடையே இல்லாமலா இருக்கிறார்கள்?

ரங்கநாதனோ முப்பது வயதைக் கடந்து, பதவியும் பெற்ற பின், லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் மாணவராய் அமர்ந்தார். அவருக்கு ஆசானாக வாய்த்த பெர்விக் சேயர்ஸ், குரோய்டன் நகர நூலகத்தின் தலைவர். அங்கே வேலை பழகியும், வேறு பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தும், புத்தகங்களை வகைப்படுத்தும் முறைகளின் குறைகளை ஆராய்ந்துகொண்டிருந்தவருக்கு, ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருள் கண்ணில் பட்டது. சில துண்டுகளையே மாற்றி மாற்றிப் பொருத்தினால் வெவ்வேறு உருவங்கள் எழுவதைக் கண்டதும், பிற்காலத்தில் கோலன் பகுப்புமுறை என்று பெயர் பெற்ற திட்டத்தின் வித்து அவர் உள்ளத்தில் விழுந்தது. 1925இல் தாயகம் திரும்பிய கப்பற்பிரயாணத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. கப்பலில் இருந்த நூல்களையே தம் முறைப்படி வகைப்படுத்திச் சோதித்துப் பார்த்தார். வேண்டாம் என்று விலகப் பார்த்த வேலை அவரை அந்த அளவுக்குப் பற்றிக்கொண்டது. பழைய வேலையைக் கேட்டு அவர் மறுபடியும் முதல்வரிடம் போகவில்லை.

அந்நாளில் வழக்கிலிருந்த பூட்டிய அலமாரி நூலகம் எப்படி இயங்கும் என்பதை இளைய தலைமுறையினர் அறிந்திருக்கமாட்டார்கள். வாசகர் ஒரு சீட்டில் நூலின் பெயரை எழுதிக் கொடுப்பார். ஏவலர் உள்ளே சென்று வெகுநேரம் கழித்து ஒரு புத்தகத்தோடு வருவார். அது வேறு பதிப்பாயிருக்கும். இன்னொரு சீட்டு, இன்னொரு நடை. வாசகரின் பொழுதும் வீண், ஏவலரின் காலும் வீண். இருவரில் எவர்மீதும் குற்றமில்லை. குற்றம் அந்த ஏற்பாட்டினுடையது, ஏற்பாட்டை மாற்றக்கூடியவர் தலைவர் ஒருவரே. ரங்கநாதன் வாசகர்களை அலமாரிகளுக்கிடையே நடமாட விட்டார்.

இவற்றிற்கெல்லாம் அடிப்படையான தத்துவம் எது என்று அவர் மனம் அலைந்துகொண்டிருந்த 1928ஆம் ஆண்டில், அவருக்குக் கிறிஸ்துவக் கல்லூரியில் கணிதம் கற்பித்த எட்வர்டு ராஸ் என்னும் முதியவர் பார்க்க வந்திருந்தார். சீடருடைய தவிப்பைக் கேட்டுவிட்டு, விடைபெறும் தறுவாயில், நூல்கள் இருப்பது பயன்படுவதற்காகத்தானே என்ற கருத்தைப் புன்னகையோடு சொல்லிப் போனார். அதுவே 1931இல் வெளிவந்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியாயிற்று. கணித ஆசிரியர் ஒருவரிடமிருந்து வந்த சொல்லைத் தம் சாஸ்திரத்தின் தலைவாசலில் வைத்ததோடு நில்லாமல், அது அவர் தந்தது என்று எழுதியும் வைத்தாரே, அந்தப் பெருந்தன்மையையே நான் தலைமைக் குணங்களில் முதலாவதாகக் கொள்வேன்.

வாசகரின் காலத்தை மிச்சப்படுத்தவேண்டும் என்பது நான்காவது விதி. நூலகத்துக்கென்று சொன்னதாயினும் அதை எந்தக் காரியாலயத்திலும் பொருத்திப் பார்க்கலாம். தலைவருடைய ஒரு கையெழுத்துக்காக எத்தனை கோப்புகள் மேஜைமீது கிடக்கின்றன, அவற்றை அனுப்பியவர்கள் அடுத்த வேலையைத் தொடங்க முடியாமல் எத்தனை பொழுது கைகட்டி இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், சோம்பல் யாருடையது என்பதில் நம்முடைய அபிப்பிராயம் மாறக்கூடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவரோடு ஒத்துப்போவதில்லை. ஓய்வும் விடுமுறையும் அறியாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். தம் திருமணம் முடிந்த பிற்பகலிலேயே நூலகத்துக்குத் திரும்பிவிட்டார் என்றுகூடச் சொல்வார்கள். வியக்கத்தக்கதுதான், ஆயினும் தலைவர் நாற்காலியைவிட்டு எழாத இடத்தில், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றிருக்கும் சிப்பந்திகூட எழத் தயங்குவார் என்பதையும் நாம் நினைக்கவேண்டும்.

கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாத சுபாவம் அவருடையது. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்நின்றார். மறு ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். 1944 வரை பல்கலைக்கழக நூலகராயிருந்துவிட்டு, காசியிலும் டில்லியிலும் அதே வித்தையைப் போதித்தார். முதுமையில் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை எடுத்து, நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவுவதற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். அந்தப் பதவிக்குத் தம் மனைவியார் சாரதாவின் பெயரைச் சூட்டினார். திருமண நாளின் பிற்பகலை நினைக்கும்போது, அது அந்த அம்மையாருக்குச் சேரவேண்டிய பாக்கிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.