‘பதிவு இல்லை’ வேறு, ‘பூஜ்யம்’ வேறு

(நமது அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி வகுப்பில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே, அன்பு மாணவ மாணவிகளே! இங்கே பைத்தானும் ரெடிஸ் டேட்டாபேஸும் படிக்கும் பிள்ளைகள், இன்ஷா அல்லாஹ், நாளை உதவித்தொகைப் பட்டியல்களுக்குப் புரோகிராம் எழுதக்கூடியவர்கள். அவர்களுக்கு ஒரு விஷயத்தை வலியுறுத்த விரும்புகிறோம்.

ரெடிஸில் ஒவ்வொரு தகவலும் ஒரு ‘கீ’, அதாவது சாவியின் கீழ் இருக்கும். பைத்துல்மால் ஏட்டில் குடும்ப எண்ணைச் சொல்லித் தொகையைப் பார்ப்பது போலத்தான். அந்தச் சாவியே இல்லாவிட்டால் ரெடிஸ் பிழை காட்டாது. ‘நில்’ என்று மட்டும் சொல்லும். பைத்தானில் அது ‘நன்’ என்ற வெற்று மதிப்பாக வந்து சேரும்.

அதைப் பூஜ்யமாக மாற்றிவிடுவது சுலபம். ஆனால் பூஜ்யம் என்றால், “இந்தக் குடும்பத்தைத் தெரியும், தர வேண்டியது ஏதுமில்லை” என்று பொருள். நில் என்றால், “இந்தக் குடும்பத்தையே தெரியாது” என்று பொருள். ஒரு விதவைத் தாயின் அட்டை எண் ஏற்றப்படாமல் விடுபட்டிருந்தால், பூஜ்யத்தைப் பார்க்கும் ஊழியர் “உங்களுக்கு ஒன்றும் இல்லம்மா” என்று அனுப்பிவிடுவார். “பதிவு கிடைக்கவில்லை” என்று திரை காட்டினால் விசாரிப்பார்.

ஆகவே மூன்று பழக்கங்கள் வேண்டும்.

முதலாவது, வந்த மதிப்பு ‘நன்’தானா என்று நேராகச் சோதியுங்கள். ‘மதிப்பு உண்டா’ என்று பொதுவாகக் கேட்டால், எண்ணாக மாற்றிய பூஜ்யத்தையும் பைத்தான் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் ரெடிஸ் சாவியைக் கண்டுபிடிக்கும். 14 வேறு, 014 வேறு. முகமது, முகம்மது, முஹம்மது என்று பலவிதமாக எழுதும் நாம் பெயரைச் சாவியாக்கக் கூடாது. ஒரே அமைப்பிலான எண்ணே நல்லது.

மூன்றாவது, தொகையைக் கூட்டும் ‘இன்கர்பை’ கட்டளை, சாவி இல்லாவிட்டால் பூஜ்யத்திலிருந்து புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடும். எண்ணைத் தவறாக அடித்தால் இல்லாத குடும்பத்தின் கணக்கில் பணம் ஏறும். முதலில் ‘எக்ஸிஸ்ட்ஸ்’ கட்டளையால் பாருங்கள்: 1 என்றால் சாவி உண்டு, 0 என்றால் இல்லை.

பெற்றோர்களே, எந்த அலுவலகத்திலும் “கம்ப்யூட்டரில் இல்லை” என்றால் உடனே திரும்பிவிடாதீர்கள். “பதிவு இல்லையா, தொகை இல்லையா?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் தீர்வு வேறு.

பட்டியல் ஓர் அமானிதம். உரியவருக்கு உரியதைச் சேர்க்கும் கல்வியை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.