அரசுகளின் உடன்படிக்கையும் மக்களின் உடன்பாடும்



வட அயர்லாந்தில் சமயம் என்பது வழிபாட்டு வேறுபாடு மட்டுமன்று. யார் எந்நாட்டினர் என்பதையே சுட்டுவது. சீர்திருத்தச் சபையினருள் பெரும்பாலோர் பிரித்தானியாவொடு இணைந்திருக்க விழைந்தனர். கத்தோலிக்கருள் பெரும்பாலோர் அயர்லாந்தொடு ஒன்ற விழைந்தனர். இப்பிளவு முப்பதாண்டுகளில் 3,500-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

அரசுகள் வாளாவிருந்தனவோ? இல்லை. 1973-இல் சன்னிங்டேலில் இரு நாட்டரசுகளும் சில கட்சிகளும் கூடி, இரு தரப்பாரும் பங்குபெறும் ஆட்சிக்கு வழிகண்டன. ஆனால், 1974 மே திங்களில் பிரித்தானிய ஒன்றியத்தை விரும்பிய தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்; மின்னாக்கம் குன்றியது; பதினான்கே நாளில் ஆட்சி கவிழ்ந்தது. 1985-இல் தாட்சரும் பிட்செரால்டும் இன்னோர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். ஒன்றியக் கட்சியினரை அவர்கள் கலந்துகொள்ளவில்லை. பெல்பாசுட்டு நகரமன்றத்தின்முன் மக்கள் கடலெனத் திரண்டு மறுப்புரைத்தனர். அவ்வுடன்படிக்கை வீழவில்லை என்பது மெய்யே. எனினும், வீழாதிருத்தல் வேறு, மக்கள் நெஞ்சில் வேரூன்றல் வேறு.

1998 ஏப்பிரல் 10, பெரிய வெள்ளியன்று கண்ட உடன்படிக்கையோ வேறுவகைத்து. படைக்கருவி ஏந்திய குழுக்களோடு தொடர்புடைய கட்சிகளும் அவையில் அமர்ந்தன. ஒருவர் தம்மைப் பிரித்தானியர் என்றோ, அயர்லாந்தினர் என்றோ, இரண்டும் என்றோ கொள்ளலாம் என்று எழுதப்பட்டது. வடபகுதி தனக்கே உரியதென்னும் அரசியற்சட்ட உரிமைக்கூற்றை அயர்லாந்து விட்டுக்கொடுத்தது. மே 22-இல் மக்களே வாக்களித்தனர்: வடக்கில் 71 விழுக்காட்டினரும் தெற்கில் 94 விழுக்காட்டினரும் ஏற்றனர். அதன் வலிமை கையெழுத்தில் இல்லை, இவ்வாக்கில் உள்ளது.

ஆயினும், மொழிக்கு வந்த இடர்ப்பாட்டைக் கேளுங்கள்! ஐரிய மொழியை மதிப்பதாக அன்றே எழுதினர். அதற்கெனத் தனிச்சட்டம் கேட்டபொழுதோ, அஃது ஒரு சமயத்தாரின் கோரிக்கையாகவே பார்க்கப்பட்டது. 2017-இல் வேறொரு பூசலால் கவிழ்ந்த ஆட்சி மீளாமல் மூன்றாண்டு கிடந்தமைக்கு அம்மொழிச்சட்டத் தகராறும் பெருந்தடை. முடிவில், 2022-இல் பிரித்தானிய நாடாளுமன்றமே சட்டம் இயற்றி ஐரியத்துக்கு அலுவல்முறை ஏற்பு அளிக்க வேண்டியதாயிற்று. தாய்மொழிக்குச் சமயச்சாயம் பூசினால் நேரும் கேடு இது! அயர்லாந்தின் மலைக்கும் ஆற்றுக்கும் ஊருக்கும் பெயரீந்த அம்மொழி எச்சபைக்கு உரியது?

தெருக்களைப் பிரிக்கும் சுவர்களை 2023-க்குள் அகற்றுவோம் என்று 2013-இல் ஆட்சியாளர் உறுதிகூறினர். சுவர்களுள் பல இன்னும் நிற்கின்றன. இரு சமயத்துப் பிள்ளைகளையும் ஒருங்கு சேர்த்துப் பயிற்றவே அமைந்த பள்ளிகளில் பயில்வோர் பத்தில் ஒரு பங்கினரும் இலர்.