உடைந்த நெஞ்சும் ஒரு கித்தாரும்



எங்கள் பாடகர் குழுவில் கித்தார் வாசிக்கும் தம்பி ஒருவன், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்தான். "ஃபாதர், எனக்குப் பெரிய கஷ்டம் எதுவும் வந்ததில்லை. அதனால்தான் என் வாசிப்பில் உயிர் இல்லையோ?" என்று கேட்டான். எங்கிருந்து வந்தது இந்த யோசனை என்றேன். 'ராக்ஸ்டார்' படம் பார்த்தேன் என்றான்.

2011-ல் இம்தியாஸ் அலி இயக்கிய இந்திப் படம். இசை நம் ஏ.ஆர். ரகுமான். ஜிம் மாரிசனைப் போல ராக் பாடகனாக ஆசைப்படும் டெல்லிக் கல்லூரி மாணவனிடம் கேன்டீன்காரர் சொல்கிறார்: நெஞ்சு உடையாமல் இசை வராது. உடனே அவன் நெஞ்சை உடைத்துக்கொள்ள ஒரு பெண்ணைத் தேடிப் போகிறான்! சிரிப்பாகத் தொடங்கியது உண்மைக் காதலாகிறது. புகழ் வருகிறது, அந்தப் பெண் இறந்துபோகிறாள். கூட்டம் ஆர்ப்பரிக்க, அவன் தனியாக நிற்கிறான்.

ஜிம் மாரிசன் 1971-ல் பாரிசில் இறந்தபோது வயது 27. அதற்கு முந்தைய ஆண்டு ஜிமி ஹென்றிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின் இருவரும் அதே வயதில் போதையால் மாண்டார்கள். அவர்களை நான் பழிக்கவில்லை. இசை அவர்களுக்குக் கடவுள் தந்த கொடை. போதை அதைத் தரவில்லை, பறித்துக்கொண்டது.

நம் பகுதியில் துயரத்தை யாரும் தேடிப் போகவேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் விபத்து என்றால், பெயர் தெரியும்வரை எத்தனை வீடுகளில் அடுப்பு எரிவதில்லை! எங்கள் பாடகர் குழுவில் ஒரு சகோதரி, கணவரை அப்படி இழந்தவர். கல்லறைத் திருநாளில் அவர் பாடினால் கோயிலே அசையாமல் கேட்கும். தம்பியிடம் சொன்னேன்: "அந்தக் குரலைக் கொடுத்துக் கணவரைத் திரும்பப் பெறலாம் என்றால், அவர் இன்றைக்கே கொடுத்துவிடுவார்." அவன் பேசவில்லை.

நொறுங்கிய உள்ளத்தைக் கடவுள் ஒதுக்கமாட்டார் என்கிறது 51-ஆம் திருப்பாடல். நொறுக்கிக்கொண்டு வா என்று அது சொல்லவில்லை. 1 சாமுவேல் 16-ஆம் அதிகாரத்தில் தாவீது யாழ் மீட்டுகிறார். சவுலின் வேதனை தணிகிறது. எதிரே இருப்பவரின் வலிக்காக வாசித்தார் அவர்.

தம்பி, உன் கஷ்டம் வரும்போது வரட்டும். அதுவரை பக்கத்தில் பாடும் அந்தச் சகோதரியின் குரலைக் காது கொடுத்துக் கேள். அவருக்குத் துணையாக வாசி. நீ கேட்ட உயிர் அங்கே இருக்கிறது.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.