வெறுங்கால் பெருமை

(பாரூரில் கூடிய வாலிபர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று கால் பந்தாட்டத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று இவ்வூர் வாலிபத் தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். "ஜாதியைப் பற்றியும் மூடப் பழக்கத்தைப் பற்றியும் பேசுகிறவர்கள் பந்தைப் பற்றிப் பேச வந்து விட்டார்களே" என்று பெரியவர்கள் சிலர் நினைக்கக் கூடும். நாம் பந்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஆனால் நம் நாட்டில் பந்தைப் பற்றிப் பேசினால் அதிலும் ஜாதி வந்து குறுக்கே நிற்கிறது. ஆட்டக்காரன் காலைப் பற்றிப் பேசினால் அதிலும் ஒரு புராணம் முளைத்து விடுகிறது. அதற்கு நாம் என்ன செய்வது?

முதலில் அந்தப் புராணத்தைச் சொல்லி விடுகிறோம். 1950-ம் வருஷம் பிரேசில் தேசத்தில் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தது. அதில் ஆட இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. ஆனால் நம்மவர்கள் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். பூட்ஸ் போட்டால்தான் ஆடலாம் என்று உலகச் சங்கத்தார் சொன்னார்கள். "பூட்ஸ் போட்டு ஆட மாட்டோம்" என்று நம்மவர்கள் மானத்தோடு மறுத்து விட்டார்கள். இதுதான் கதை. டீக்கடையிலும் கேட்கிறோம், பத்திரிகையிலும் படிக்கிறோம். சொல்கிறவர்கள் மார்பைத் தட்டிக் கொண்டு சொல்லுகிறார்கள். இதற்கு ருசு என்ன என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

நாம் கேட்போம். யார் சொன்னாலும், எத்தனை பேர் சொன்னாலும், நம் நாட்டுக்குப் பெருமையாகவே இருந்தாலும், உன் புத்தியைக் கொண்டு பார் என்பதல்லவா நாம் கற்றுக் கொண்ட பாடம்?

1948-ல் நடந்தது

நாடு விடுதலையான மறு வருஷம் லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் கால் பந்தாட்டக் கூட்டத்தார் முதன் முதலில் ஆடிய பந்தயம் 1948 ஜூலை 31-ல், லண்டனுக்கு அடுத்த இல்போர்டு மைதானத்தில், பிரான்சுக்கு எதிராக நடந்தது. பிரான்சு 2, இந்தியா 1. கடைசி நிமிஷங்களில்தான் பிரான்சுக்காரர் இரண்டாவது கோலைப் போட்டார்கள். நமக்குக் கிடைத்த பெனால்டி இரண்டும் வீணாயின. அந்த ஒரு கோலைப் போட்டவர் மைசூர் ராஜ்யத்துக்காக ஆடி வந்த சாரங்கபாணி ராமன் என்பவர்.

அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். தலைவர் தாலிமெரன் ஆவ், நாகர் மலையில் பிறந்த கிறிஸ்தவர், வைத்தியம் படித்தவர். ஒலிம்பிக் அணிவகுப்பில் இந்தியக் கொடியைத் தூக்கிச் சென்றவரும் அவரே. சைலேன் மன்னா வங்காளி. வர்கீஸ் மலையாளி. அகமது கான் பெங்களூர் முஸ்லிம். ஓசூரைத் தாண்டினால் சுமார் 40 கிலோ மீட்டரில் இருக்கிற அதே பெங்களூர்தான். 1937-ல் ரோவர்ஸ் கோப்பையை வென்ற பெங்களூர் முஸ்லிம்ஸ் கூட்டத்தாரும் அவ்வூர்க்காரர்களே. இந்த அகமது கானோடு அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே ஆகிய நால்வரும் சேர்ந்து கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கூட்டத்தின் முன்வரிசையில் ஆடினார்கள். அந்த ஐவருக்கு வங்காளத்து ஜனங்கள் "பஞ்ச பாண்டவர்" என்று பெயர் வைத்தார்கள். பாண்டவர் ஐவரில் இருவர் முஸ்லிம்கள்! பாரதத்தைப் பாராயணம் செய்கிறவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ தெரியாது. கோல் விழுகிறதா என்று பார்த்த ஜனங்கள் கவலைப்படவில்லை. மதத்தின் பேரால் ஒருவரை ஒருவர் வெட்டிக் கொண்ட மறு வருஷம் இவர்கள் எல்லோரும் ஒரே சட்டையைப் போட்டுக் கொண்டு ஒரே பந்தைத் துரத்தினார்கள். பெருமை என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

அவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல் ஆடினார்கள் என்பது மெய். ஒரு சிலர் பூட்ஸ் போட்டுக் கொண்டார்கள் என்பதும் மெய். வெள்ளைக்காரர் ஆச்சரியப்பட்டார்கள். "நாங்கள் ஆடுவது புட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்" என்று தாலிமெரன் ஆவ் பதில் சொன்னாராம். ராஜாவே மன்னாவைக் கூப்பிட்டு, காலுக்குள் எஃகு வைத்திருக்கிறதா என்று பார்த்தாராம். நல்ல கதைகள், கேட்டுச் சிரித்து விட்டுப் போகலாம். அதை வைத்துக் கொண்டு சரித்திரம் எழுதப் புறப்பட்டால்தான் ஆபத்து.

1950-ல் நடவாதது

நிற்க. உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் எப்படிக் கிடைத்தது? ஆடி ஜெயித்தல்ல. பர்மா, இந்தோனேஷியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகள் விலகிக் கொண்டன. மிச்சம் இருந்தது இந்தியா. இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகியவற்றோடு நம்மையும் ஒரு பிரிவில் போட்டார்கள். நாம் போகவில்லை. அந்தப் பிரிவு மூன்று தேசங்களோடு நடந்து முடிந்தது. ஸ்காட்லாந்து, துருக்கி முதலிய தேசங்களும் விலகினபடியால் 16 பேர் ஆட வேண்டிய பந்தயத்தில் 13 பேரே ஆடினார்கள்.

ஏன் போகவில்லை? நம் கால் பந்தாட்டச் சம்மேளனத்தார் அப்போது சொன்ன காரணங்கள் வேறு. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பதில் தகராறு, பயிற்சிக்குப் போதிய நாள் இல்லை, தூரப் பிரயாணம், செலவு என்பவையே அவை. செலவில் பெரும் பகுதியைப் பிரேசில்காரர் தாங்களே ஏற்றுக் கொள்வதாகச் சொல்லியும் போகவில்லை. ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை ஒரு பொருட்டல்ல என்ற எண்ணமும் நிர்வாகிகளுக்கு இருந்தது.

இன்னொன்றும் யோசியுங்கள். பூட்ஸ்தான் தடை என்றால், இரண்டு வருஷம் கழித்து 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினார்களே, அது எப்படி? அன்றியும், பூட்ஸ் போட்டு ஆடத் தெரிந்தவர்கள் 1948-லேயே நம் கூட்டத்தில் இருந்தார்களே? பூட்ஸ் என்ன, கடையில் கிடைக்காத அபூர்வ வஸ்துவா?

ஆகவே, வெறுங்காலுக்காகப் போகவில்லை என்பது பின்னால் கட்டிய கதை. பொய் என்பதற்காக மட்டும் நாம் அதைக் கண்டிக்கவில்லை. அது யாருக்கு உபயோகப்படுகிறது என்று பார்க்க வேண்டும். போக வேண்டாமென்று முடிவு செய்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நிர்வாகிகள். கதையிலோ குற்றம் யார் தலையில் விழுகிறது? ஏழை ஆட்டக்காரன் பாதத்தில் விழுகிறது! நிர்வாகிகளை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. பண்ணையார் கூலியைக் குறைத்து விட்டு, "உன் தலையெழுத்து" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பிரேசிலிலும் இதே சங்கதி

மூட நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமென்று நினைக்க வேண்டாம். அதே 1950 ஜூலை 16-ல் பிரேசிலும் உருகுவேயும் கடைசிப் பந்தயம் ஆடின. பிரேசிலுக்குச் சமமாக முடிந்தாலே போதும், கோப்பை அவர்களுடையது. மரக்கானா மைதானத்தில் ஏறத்தாழ 2 லட்சம் ஜனங்கள் கூடியிருந்தார்கள். உருகுவே 2-1 என்று ஜெயித்தது. உடனே என்ன செய்தார்கள்? பிரேசில் ஆட்டக்காரர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை ராசியில்லாத சட்டை என்று ஒதுக்கினார்கள். இன்று உலகமெல்லாம் தெரிந்த மஞ்சள் சட்டை அதன் பிறகு வந்ததுதான். சட்டையாவது போகட்டும். கோல் காத்த பார்போசா என்ற கறுப்பு மனிதர் மேல் பழியைப் போட்டார்கள். பதினொரு பேர் ஆடித் தோற்றதற்கு ஒருவர் குற்றவாளி. அவர் 2000-ம் வருஷம் இறக்கும் வரையில் அந்தப் பழி நீங்கவில்லை. பிரேசில் சட்டத்தில் பெரிய தண்டனை 30 வருஷம்தான், தனக்கோ 50 வருஷம் என்று அவர் மனம் வெந்து சொன்னார்.

பார்த்தீர்களா! தோல்வி வந்தால் காரணத்தைத் தேடுகிறவன் அறிவாளி. சட்டையையும் ராசியையும் தேடுகிறவன் மூடன். தனக்குக் கீழே இருக்கிறவனைத் தேடிப் பிடித்துப் பழி போடுகிறவனோ மூடன் மாத்திரமல்ல, அயோக்கியனும் ஆவான்.

வெறுங்கால் யாருக்குப் பெருமை?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். வெறுங்காலில் ஆடி 1911-ல் மோகன் பகான் கூட்டத்தார் கல்கத்தாவில் வெள்ளைக்காரப் பட்டாளத்தை 2-1 என்று ஜெயித்தார்கள். பதினொருவரில் பூட்ஸ் போட்டவர் ஒருவரே. அன்று அது ஒரு வீரம். ஒப்புக் கொள்ளுகிறோம். ஆனால் இல்லாமையால் வந்ததைப் பெருமையாக்கி, அதையே எப்போதும் வைத்துக் கொண்டிருப்பது வீரமாகுமா?

நம் ஊர்ப் பக்கம் வெறுங்கால் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல் ஜாதிக்காரர் தெருவில் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக் கொண்டு போக வேண்டும் என்பதே அர்த்தம். பழைய காலத்துச் சங்கதி என்று சொல்லித் தப்பித்துக் கொள்ள வேண்டாம். திருப்பூர் மாவட்டம் ராஜாவூரில் அப்படிப்பட்ட ஒரு தெருவில் ஆதிதிராவிட மக்கள் செருப்புப் போட்டுக் கொண்டு ஒன்றாய் நடந்து காட்டினார்கள். எந்த வருஷம்? 2023! செருப்புப் போடுவதற்கு ஒரு கிளர்ச்சி நடத்த வேண்டியிருக்கிற தேசத்தில், "எங்கள் வெறுங்காலைப் பார்" என்று உலகத்துக்குப் பெருமை பேசுவது எவ்வளவு வெட்கக்கேடு!

பிரம்மாவின் முகத்தில் பிறந்தவன் ஒருவன், பாதத்தில் பிறந்தவன் ஒருவன் என்று எழுதி வைத்தார்கள். பாதம் தாழ்ந்தது; பாதத்தில் பிறந்தவனும் தாழ்ந்தவன். அந்தப் பாதத்தைக் காக்கும் செருப்பும் தாழ்ந்தது. அதைத் தைக்கிற செம்மானும் தாழ்ந்தவன். அதே தோலை மிருதங்கத்தில் கட்டினால் சபையில் வைத்து வாசிக்கலாம். தைத்துக் கொடுத்தவன் மட்டும் சபைக்கு வரக் கூடாது! கால் பந்தாட்டமோ இந்தக் கணக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து விட்டது. அங்கே பாதம்தான் ராஜா. கையால் பந்தைத் தொட்டால் குற்றம்! பந்து, தன்னை உதைக்கிறவன் எந்த அங்கத்தில் பிறந்தான் என்று கேட்பதுமில்லை.

பூட்ஸ் வந்த பிறகு

1952-ல் ஹெல்சிங்கியில் குளிரிலும் ஈரத்திலும் வெறுங்காலோடு இறங்கிய நம்மவர் யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றார்கள். முந்திய வருஷம் டில்லியில் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கிய நாடு இது. டில்லியின் காய்ந்த தரை வேறு, ஹெல்சிங்கியின் குளிர்ந்த புல் வேறு. தரை மாறினால் கால் மாற வேண்டும் என்று புத்தி சொல்லிற்று. அதன் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று.

ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராயிருந்த சையத் அப்துல் ரகீம் பயிற்சி கொடுத்தார். 1956-ல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று ஜெயித்தார்கள். நெவில் டிசூசா தனியாக மூன்று கோல் போட்டார். அரையிறுதியில் அதே யுகோஸ்லாவியாவிடம் 4-1 என்று தோற்று, முடிவில் நான்காவது இடம் பெற்றார்கள். உண்மையை மறைக்கக் கூடாது: ஹங்கேரி வராததால் முதல் சுற்று ஆடாமலே கிடைத்தது, பல தேசங்களும் அந்த வருஷம் வரவில்லை. பூட்ஸ் ஒன்றே இதைச் செய்தது என்றும் நாம் சொல்லவில்லை. பயிற்சியும் முறையும் சேர்ந்தே செய்தன. ஆனாலும் 10-1 எங்கே, 4-1 எங்கே?

அந்தக் கூட்டத்தில் இருவரை நீங்கள் மறக்கக் கூடாது. ஒருவர் பீட்டர் தங்கராஜ். வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து கோல் காத்தவர். மற்றவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் அவருக்குப் பூட்ஸ் வாங்க வழியில்லை. போலீஸ்காரர் கழித்த பழைய பூட்ஸிலிருந்து ஒரு செம்மான் தைத்துக் கொடுத்ததைப் போட்டு ஆடினதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இருவரும் 1962-ல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வாங்கிய கூட்டத்திலும் இருந்தார்கள். வெறுங்காலைப் பற்றி ஆயிரம் கதை சொல்லுகிறவர்கள், பழைய தோலைப் பிரித்துப் புதுப் பூட்ஸ் தைத்த அந்தத் தொழிலாளியைப் பற்றி ஒரு கதையாவது சொன்னதுண்டா?

1960-க்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக் கால் பந்தாட்டத்தில் ஆடவில்லை. உலகக் கோப்பை மைதானத்தில் இன்றுவரை காலே வைக்கவில்லை. ஆனால் கதை மட்டும் குறையவில்லை. பழம் பெருமை பேசுகிறவனுக்குப் புதுக் காரியம் செய்ய நேரம் ஏது?

கடைசியாக வாலிபத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பாரூர் ஏரிப் பக்கம் பந்து உதைக்கிற பிள்ளைகளில் சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே பக்கத்தில் ஆடுகிறார்களா, அல்லது தெருவுக்கொரு கூட்டமாகப் பிரிந்து ஆடுகிறார்களா என்று நீங்களே பாருங்கள். பிரிந்து ஆடினால் நாளைக்கே கலந்து பிரியுங்கள். பெண் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசியக் கோப்பையை வென்று வந்திருக்கிறார்கள். அவர்களை வீட்டில் பூட்டி வைத்து நாம் என்ன லாபம் கண்டோம்? ஓசூர் ஆலைகளில் வேலை செய்கிற தோழர்கள் திருவிழாவுக்கும் தேருக்கும் கொடுக்கிற வரியில் ஒரு பங்கை எடுத்துப் பத்துப் பிள்ளைகளுக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். அதைப் போட்டுக் கொண்டே அவர்கள் எல்லாத் தெருவிலும் நடந்து மைதானத்துக்குப் போகட்டும். யாராவது கழற்றச் சொன்னால், நீங்கள் கூட நில்லுங்கள்.