கேமராவின் சாவி யாரிடம் இருக்கிறது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டில் வைஃபை கேமரா மாட்டி, வெளியூரிலிருந்து மொபைலில் பார்ப்பது எப்படி என்று பேசச் சொன்னார் நம் செயலாளர். தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தயங்கினேன். ஆனால் இந்த விஷயத்தில் ஒரு தப்புச் செய்து பாடம் கற்றவன் நான். அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காக ஒப்புக்கொண்டேன்.

எங்களோடு 84 வயதான என் மாமியார் இருக்கிறார். மனைவியின் கண் சிகிச்சைக்காக நாங்கள் இருவரும் வாரம் ஒருநாள் பெங்களூரு போக வேண்டியிருந்தது. அவர் தனியாக இருப்பாரே என்று ஹாலில் ஒரு கேமரா வைத்தோம். மாட்ட வந்த தம்பி இருபது நிமிடத்தில் வேலையை முடித்து, "எல்லாம் ரெடி சார், ஆப்புல பாருங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். படம் நன்றாகத் தெரிந்தது. எனக்கும் திருப்தி.

எட்டு மாதம் கழித்து இன்டர்நெட் இணைப்பை மாற்றினோம். கேமராவை மறுபடி சேர்க்கப் போனால், "இந்தக் கருவி வேறொரு கணக்கில் பதிவாகியுள்ளது" என்று வந்தது. கீழே காட்டிய மொபைல் எண்ணின் கடைசி இலக்கங்கள் என்னுடையவை அல்ல. அந்தத் தம்பியுடையவை. தன் எண்ணில் பதிவு செய்து, அதிலிருந்து எனக்கு ஒரு பங்கு கொடுத்திருக்கிறார். அதாவது எட்டு மாதமாக எங்கள் ஹாலின் சொந்தக்காரர் அவர், நான் வெறும் விருந்தாளி. கூப்பிட்டுக் கேட்டேன். "அவசரத்துல என் நம்பர்லயே போட்டுட்டேன் சார், அப்புறம் மறந்துட்டேன்" என்றார். நேரில் வந்து நீக்கியும் கொடுத்தார். அவர் ஒருமுறைகூடப் பார்க்காமலே இருந்திருக்கலாம். ஆனால் அதை நான் எப்படி உறுதி செய்வது?

மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் பதறவில்லை. "எனக்கு அது பிடிக்கல மாப்பிள்ளை. அதான் புடவை மாத்தும்போதெல்லாம் அதுமேல துண்டைப் போட்டு மூடிடுவேன்" என்றார். எங்கள் வீட்டில் ஒழுங்கான பாதுகாப்பு ஏற்பாடு அந்தத் துண்டு ஒன்றுதான்.

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். ஸ்ட்ராங் ரூமை ஒரு சாவியால் திறக்க முடியாது. ஒரு சாவி ஹெட் கேஷியரிடம், மற்றொன்று அதிகாரியிடம் இருக்கும். ஒருவர் மாற்றலாகிப் போனால் சாவி கைமாறியதைப் பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். அப்படிப் பழகிய நானே என் வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்துக்கூட வாங்கவில்லை.

இது அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு, பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் டெலிகிராமில் விலைக்குப் போனது 2025-இல் வெளியே தெரிந்தது. அங்கே போட்டிருந்த பாஸ்வேர்ட் 'அட்மின்123' என்று பத்திரிகைகளில் வந்தது. 2016-இல் 'மிராய்' என்ற நச்சு நிரல், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் உலகம் முழுக்கப் பிடித்தது. அதற்குக் கையில் இருந்தது அறுபது சொச்சம் பாஸ்வேர்ட்களின் பட்டியல்தான். அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அந்தக் கருவிகளை வைத்தே ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பலருக்கும் கிடைக்காமல் செய்தார்கள்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில், வாங்கும்போது பெட்டியில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசு சொல்லும் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்பது விதி. கடையில் பழைய சரக்கும் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஆப்பை உங்கள் மொபைலில், உங்கள் எண்ணில் நீங்களே பதிவு செய்யுங்கள். மாட்ட வருகிறவர் ஏணியில் ஏறட்டும், ஸ்க்ரூ போடட்டும். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்வது உங்கள் கையால் நடக்கட்டும். சாதாரண வீட்டுக் கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும். இணைப்பு வரவில்லை என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

மூன்றாவது, பாஸ்வேர்ட். கம்பெனி கொடுத்ததை அன்றே மாற்றுங்கள். ரூட்டருக்கும் அப்படியே. வேறு எதற்கும் பயன்படுத்தாத, நீளமான ஒன்றாக இருக்கட்டும். ஆப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருந்தால் போட்டுவிடுங்கள். பாஸ்வேர்ட் ஒரு சாவி, மொபைலுக்கு வரும் ஓ.டி.பி. இரண்டாவது சாவி. ஸ்ட்ராங் ரூம் கணக்குதான். மகனும் மகளும் பார்க்க வேண்டுமானால் பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள். ஆப்பிலேயே 'ஷேர்' வசதி இருக்கும். வேண்டாதபோது அதை நிறுத்திக்கொள்ளலாம். யார் யாருக்குப் பங்கு இருக்கிறது என்று மாதம் ஒருமுறை பட்டியலைப் பாருங்கள். ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரியே பாருங்கள்.

நான்காவது, வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் 'போர்ட்' திறக்கிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்போதைய கேமராக்கள் கம்பெனியின் சர்வருக்குத் தாமாகவே இணைகின்றன. உங்கள் மொபைலும் அங்கே போய்த்தான் கேமராவைக் கண்டுபிடிக்கிறது. போர்ட் திறப்பது தெருவைப் பார்த்துக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போல. ரூட்டரில் 'கெஸ்ட்' வைஃபை இருந்தால் கேமராவை அதில் போடுங்கள். வங்கிக் கணக்கு பார்க்கும் மொபைலும் கேமராவும் ஒரே வலையில் இருக்க வேண்டாம். ஆப்பில் அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

ஐந்தாவது, கொஞ்சம் கணக்கு. 1080பி தரப் படம் விநாடிக்குச் சுமார் 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணிக்கு 900 எம்.பி., ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. ஆகும். 64 ஜி.பி. மெமரி கார்டு மூன்று நாள்கூட முழுதாகத் தாங்காது, அதற்கு மேல் பழைய பதிவு அழிந்து புதியது ஏறும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் தங்குகிறவர்கள், அசைவு இருக்கும்போது மட்டும் பதிவாகும்படி வையுங்கள். மொபைலில் தினம் 1.5 ஜி.பி. டேட்டா வைத்திருப்பவர்கள் தொடர்ந்து பார்த்தால் ஒன்றே முக்கால் மணிக்குள் தீர்ந்துவிடும். ஆப்பில் படத்தின் தரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

ஆறாவது, கரண்ட். நம் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் பொது விளக்குக்கும்தான். கரண்ட் போனால் ரூட்டர் அணையும், கேமராவும் போச்சு. இரண்டுக்கும் சிறிய யுபிஎஸ் தேவை. திருடன் கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து வரமாட்டான்.

அடுத்தது, எதைப் பார்க்கிறது என்பது. வாசல் கேமரா உங்கள் கதவையும் மிதியடியையும் பார்க்கட்டும், எதிர் ஃபிளாட் கதவைப் பார்க்க வேண்டாம். பல ஆப்களில் படத்தின் ஒரு பகுதியை மறைக்கும் வசதி உண்டு. கொல்கத்தாவில் ஒரே வீட்டில் வசித்த அண்ணன் தம்பி இடையே கேமரா வழக்கு நடந்தது. கூட இருப்பவர் சம்மதம் இல்லாமல் வசிக்கும் பகுதியில் கேமரா வைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றிப் படம் பிடித்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு வரும் அம்மாவிடமும் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை, துண்டு பேசியது.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சிப்காட் வேலை மாற்றலில் வருவதும் போவதுமாக இருக்கிறது நம் ஊர். வாடகைக்கு இருப்பவர் காலி செய்யும்போது கேமராவை ஆப்பிலிருந்து நீக்கி, ரீசெட் செய்துவிட்டுப் போக வேண்டும். புதிதாக வருகிறவர் விட்டுப்போன கேமராவை ரீசெட் செய்யாமல் பயன்படுத்தக் கூடாது.

நம் கேட், லிஃப்ட், பார்க்கிங் கேமராக்களின் பாஸ்வேர்ட் இப்போது யார் யாரிடம் இருக்கிறது? பழைய கமிட்டியிடமா, மாட்டியவரிடமா, இரண்டு பேரிடமுமா? கமிட்டி மாறும்போதெல்லாம் பாஸ்வேர்டை மாற்றி, உறையில் போட்டு ஒட்டி, தலைவரும் பொருளாளரும் மேலே கையெழுத்திட்டு வைக்க வேண்டும். பதிவை யார், எந்தத் தேதியில், எதற்காகப் பார்த்தார் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். இதை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறேன். நோட்டுக்கு 60 ரூபாய்தான் ஆகும், அதை நானே வாங்கித் தருகிறேன்.

உங்கள் கேமராவில் யாராவது புகுந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு 1930-க்குப் போன் செய்யுங்கள்.

எங்கள் கேமரா இப்போது ஹாலில் இல்லை. வாசல் கதவைப் பார்த்தபடி உள்ளே இருக்கிறது, என் எண்ணில். மாமியாரின் துண்டு கொடியில் காய்கிறது.