இரவு டூட்டியில் ஒரு கம்ப்யூட்டர்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. வைவாவில் நான் திணறியதைக் கேட்டவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொரு முறை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். நம் மாநில அரசு மருத்துவமனைகளுக்கு இந்தக் கணினிப் பதிவு, 2005-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் வழியாக வந்தது. 2021-ல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் வந்து, ஆளுக்கொரு 14 இலக்க எண் என்றார்கள். இதெல்லாம் பேப்பரில் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

சில வருஷத்துக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில் நாங்கள் எழுதிய புரோகிராம் ஓட ஆரம்பித்தது. எந்த ஊசி, எப்போது, யார் போட்டது, எல்லாம் கம்ப்யூட்டரில். கட்டில் காலில் தொங்கிய காகித சார்ட்டை எடுத்துவிட்டோம். நிர்வாகத்துக்கு ஒரே சந்தோஷம், எங்களுக்கும்தான்.

மூன்றாம் வாரம் போன் வந்தது. இரவு 10 மணிக்கு ஒரு சிஸ்டர் நோயாளிக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருக்கிறார். அதே நேரம் பக்கத்துக் கட்டிலில் மூச்சுத் திணறல், ஓடிவிட்டார். கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. 11 மணிக்கு இன்னொரு சிஸ்டர் பார்த்தால், 'போடவில்லை' என்று திரையில் சிவப்பாகக் காட்டுகிறது. மருந்தோடு போய்விட்டார். நோயாளியின் மனைவி, "இப்பத்தானே போட்டுட்டுப் போனாங்க?" என்று கேட்டதால் தப்பித்தது. அந்த அம்மா தூங்கிப்போயிருந்தால்?

நான் போய் இரண்டு இரவு வார்டில் உட்கார்ந்தேன். முப்பது கட்டிலுக்கு ஒரே கம்ப்யூட்டர். ஐந்து நிமிஷம் தொடாவிட்டால் வெளியே தள்ளிவிடும். அதனால் ஒருவருடைய பாஸ்வேர்டை மானிட்டரிலேயே ஒட்டிவைத்து எல்லாரும் அதில்தான் வேலை பார்க்கிறார்கள். எங்கள் ரிப்போர்ட்படி அந்தச் சிஸ்டர் லீவு நாளிலும் ஊசி போட்டிருக்கிறார்! வயதை நிரப்பாவிட்டால் அட்மிஷன் போடமுடியாது. விபத்தில் நினைவில்லாமல் வருபவரின் வயது யாருக்குத் தெரியும்? 99 என்று அடித்துவிடுகிறார்கள். ஊரில் இத்தனை 99 வயதுக்காரர்களா என்று நானே வியந்திருக்கிறேன்.

ஹெட் சிஸ்டர் பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. அதுதான் நிஜமான பதிவேடு. "ஒரு கையில டிரே, இன்னொரு கையில சிரிஞ்ச். எந்தக் கையால தம்பி டைப் அடிக்கிறது?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆரம்பத்தில் நாங்கள் நடத்திய மீட்டிங் எதிலும் ஒரு சிஸ்டர்கூடக் கிடையாது. கூப்பிடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு ஊசி போட்ட நேரம் வேறு, பதிந்த நேரம் வேறு என்று பிரித்தோம். வயதுக்குத் 'தெரியாது' என்று ஒரு இடம் விட்டோம். கட்டில் வரை தள்ளிப்போக இரண்டு டிராலி கம்ப்யூட்டர். காகித சார்ட்டும் திரும்பி வந்தது. "பேப்பரை ஒழிக்கத்தானே பணம் கொடுத்தோம்" என்று நிர்வாகம் முணுமுணுத்தது நியாயம்தான்.

புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் தம்பி தங்கைகள், உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணி விவரங்களைப் பிக்மியில் எப்படி ஏற்றுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். வார்டில் ஒரு இரவு உட்கார விரும்புகிறவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் என்னைப் பாருங்கள், அனுமதி வாங்கித் தர முயற்சி செய்கிறேன்.