படிவத்தில் ஒரு சொல்

சிங்கப்பூரில் 2009 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் ஒரே தனித்துவ அடையாள எண் நடைமுறைக்கு வந்தது. மின்படிவத்தில் அவ்வெண்ணை இட்டால், கடைப்பெயரின் எழுத்து மாறினும் அரசு அமைப்புகள் பலவும் அதனை ஒரே நிறுவனமாக அறிகின்றன.

ஆயினும், எண் தீர்க்காத குழப்பத்தைச் சொல் விளைவிக்கும். ‘வருமானம்’ என்று மட்டும் படிவம் கேட்டால், ஒரு வணிகர் மொத்த விற்பனைத் தொகையை எழுதுவார். மற்றொருவர் செலவு போக எஞ்சிய இலாபத்தை எழுதுவார். மென்பொருள் இரண்டையும் வேறுபாடின்றிக் கூட்டிவிடும். அத்தொகையை நம்பி அடுத்தவர் கடன் கொடுப்பார், அல்லது மறுப்பார்.

எனவே, படிவம் அமைப்பது பொறியாளர் பணி மட்டுமன்று. மொழி அறிந்தோர் பணியுமாகும். ஆசிரியர்களே, ஒரு கேள்வியை மாணவர் இருவரிடம் கொடுங்கள். இருவரும் வெவ்வேறு பொருள் கொண்டால், திருத்த வேண்டியது விடையை அன்று, கேள்வியையே.